எவரெஸ்டின் படிகள்

உலகின் மலைகளுள் உயர்ந்தது இமயம். இமயத்தின் கொடுமுடிகளுள் உயர்ந்தது எவரெஸ்டு. 2020ஆம் ஆண்டில் நேபாள நாடும் சீன நாடும் இணைந்து வெளியிட்ட அளவின்படி அதன் உயரம் 8,848.86 மீட்டர் ஆகும். அஃதாவது, ஒன்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. சமநிலத்தில் இத்தொலைவை நம்முள் எவரும் இரண்டு மணி நேரத்தில் நடந்து கடந்துவிடலாம். ஆயினும், செங்குத்தாக நிமிர்ந்து நிற்கும் இந்த ஒன்பது கிலோமீட்டரை வெல்ல மனிதனுக்கு முப்பத்திரண்டு ஆண்டுகள் தேவைப்பட்டன. 1921ஆம் ஆண்டில் முதற்குழு வழி தேடிப் புறப்பட்டது. 1953ஆம் ஆண்டில்தான் இருவர் அம்முடியில் அடிவைத்து உயிருடன் மீண்டனர். இடையில் சென்ற குழுக்கள் பல. அவற்றில் மாண்ட வீரரும் சிலர்.

இத்தனை ஆண்டுக்காலம் அவர்களைத் தடுத்து நிறுத்தியது எது? பனியும் புயலும் பாறையும் என நாம் எளிதில் விடை கூறிவிடுவோம். அவை கண்ணுக்குத் தெரியும் பகைகள். கயிறு கொண்டும், பனிக்கோடரி கொண்டும், தடித்த ஆடை கொண்டும் அவற்றை எதிர்க்கலாம். கண்ணுக்குப் புலனாகாத பகை ஒன்றும் அங்கு உண்டு. அதுவே காற்றின் மென்மை.

நாம் காற்றுக் கடலின் அடியில் வாழ்கின்றோம். நம் தலைக்கு மேலுள்ள காற்றெல்லாம் தன் எடையால் கீழுள்ள காற்றை அழுத்துகின்றது. ஆதலால் கடற்கரையில் காற்று அடர்ந்திருக்கின்றது. மேலே செல்லச் செல்ல அழுத்தம் குறைகின்றது. காற்றும் நெகிழ்ந்து மென்மையடைகின்றது. காற்றில் நூற்றுக்கு ஏறத்தாழ இருபத்தொரு பங்கு பிராணவாயு உள்ளது. இவ்விகிதம் மலையுச்சியிலும் மாறுவதில்லை. ஆனால், ஒரு மூச்சில் நாம் இழுக்கும் காற்றின் அளவே அங்குக் குறைந்துவிடுகின்றது. எவரெஸ்டின் அடிவார முகாமில் ஒரு மூச்சுக்குக் கிடைக்கும் பிராணவாயு, கடற்கரையில் கிடைப்பதில் பாதியே. உச்சியிலோ மூன்றில் ஒரு பங்கே. மூச்சு உண்டு, அதில் உயிர் காக்கும் பொருள் போதிய அளவு இல்லை.

இப்பகையின் கொடுமையை உலகிற்கு முதலில் உணர்த்தியவர்கள் மலையேறிகள் அல்லர். வானூர்தி தோன்றுமுன் பலூனில் பறந்த அறிஞர்கள் ஆவர். 1875ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள், பிரான்சு நாட்டைச் சேர்ந்த டிசாண்டியே, சிவெல், குரோசே-ஸ்பினெல்லி ஆகிய மூவர் 'செனித்' என்னும் பலூனில் பாரிசு நகரிலிருந்து மேலே கிளம்பினர். பிராணவாயு கலந்த காற்றைப் பைகளில் நிரப்பி உடன் எடுத்துச் சென்றனர். இரண்டு மணி நேரத்திற்குள் பலூன் 8,000 மீட்டரை எட்டியது. அவ்வுயரத்தில் அவர்களுக்கு வலியோ அச்சமோ தோன்றவில்லை; ஒருவகை மகிழ்ச்சியே தோன்றிற்று. தலைக்கு அருகில் தொங்கிய காற்றுப்பையின் குழாயைப் பற்ற விரும்பிய டிசாண்டியேயினால் கையை உயர்த்த இயலவில்லை. மூவரும் நினைவிழந்தனர். பலூன் தானே இறங்கித் தரையை அடைந்தபொழுது டிசாண்டியே ஒருவரே உயிருடன் இருந்தார். உயிர் காக்கும் பொருள் கைக்கெட்டும் தொலைவில் இருந்தும், மற்றை இருவரும் மாண்டனர்.

இந்நிகழ்ச்சியை மனத்திற்கொண்டு மற்றொரு நிகழ்ச்சியையும் நோக்குவோம். 1978ஆம் ஆண்டு மே மாதம் 8ஆம் நாள், இத்தாலியைச் சேர்ந்த ரைன்ஹோல்டு மெஸ்னரும் ஆஸ்திரியாவைச் சேர்ந்த பீட்டர் ஹேபலரும் பிராணவாயுக் கலங்கள் ஏதுமின்றி எவரெஸ்டின் உச்சியை அடைந்தனர். பலூனில் அமர்ந்திருந்தவர்கள் 8,000 மீட்டரில் மாண்டனர். இவர்களோ அதனினும் உயர்ந்த இடத்தில் நடந்து, ஏறி, மீண்டும் இறங்கினர். இவர்கள் நம்மைப் போன்ற மனிதரே. எனின், இவ்வேறுபாடு எங்ஙனம் நேர்ந்தது? பலூன் சென்றவர்களை இரண்டு மணி நேரத்தில் தூக்கிச் சென்றது. மலையேறியவர்களோ பல வாரங்களை மலையிடத்தே செலவிட்டனர். உடல் அவ்வாரங்களில் தன்னை மாற்றிக்கொண்டது. இம்மாற்றத்தையே 'உயரத்திற்கு உடல் பழகுதல்' என்பர்.

உடல் பழகும் முறை வியப்பிற்குரியது. உயரத்தை அடைந்தவுடன் மூச்சு ஆழ்ந்தும் விரைந்தும் இயங்கத் தொடங்குகின்றது. இதயமும் விரைந்து துடிக்கின்றது. இவை உடனே நிகழ்வன. ஆயினும், மூச்சு மிகுந்து இயங்குவதால் உடலிலுள்ள கரியமிலவாயு அளவுக்கு மிஞ்சி வெளியேறுகின்றது. அதனால் குருதியில் காரத்தன்மை ஏறுகின்றது. அக்காரத்தன்மை, மூச்சு விரைந்து இயங்குவதைத் தடுக்க முயல்கின்றது. எனவே, புதிதாக வந்தவர் இரவில் உறங்கும்பொழுது மூச்சுச் சிறிது நேரம் நின்றும், பின்னர் திடுமென விரைந்தும் இயங்கக் காணலாம். சில நாள்களில் சிறுநீரகங்கள் மிகையான காரத்தை வெளியேற்றி இக்குறையைத் தீர்க்கின்றன. அதன்பின் மூச்சுத் தடையின்றி ஆழ்கின்றது.

சிறுநீரகங்கள் மற்றொரு தொண்டும் புரிகின்றன. பிராணவாயு குறைந்ததை உணர்ந்து, அவை ஒருவகைச் சுரப்பைக் குருதியில் கலக்கின்றன. அஃது எலும்பின் உள்ளிருக்கும் மச்சையைத் தூண்டுகின்றது. மச்சை, பிராணவாயுவைச் சுமந்து செல்லும் சிவப்பணுக்களை மிகுதியாகப் படைக்கின்றது. இப்பணி முற்றுப்பெறச் சில வாரங்கள் வேண்டும். அவசரப்படுத்தினாலும் உடல் அவசரப்படாது. பணத்தாலோ வலிமையாலோ இக்காலத்தைக் குறுக்க இயலாது. பயிற்சி மிக்க இளைஞரும் தம் வலிமையை நம்பி விரைந்து ஏறினால் நோய்க்கு இரையாவர்.

அந்நோய் தலைவலியில் தொடங்கும். உணவில் வெறுப்பும் குமட்டலும் உறக்கமின்மையும் தோன்றும். இவ்வெச்சரிக்கையை மதியாது மேலே சென்றால், நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். அல்லது மூளை வீங்கும். நடை தள்ளாடும், அறிவு மயங்கும், உயிருக்கே ஊறு நேரும். இதற்கு முதன்மையான மருந்து ஒன்றே. உடனே கீழே இறங்குதல் வேண்டும். சில நூறு மீட்டர் இறங்கியதுமே, சாவின் வாயிலில் நின்றவர் தேறி எழுவதும் உண்டு.

இவ்வுண்மைகளை அறிந்த மலையேறிகள் தமக்கென ஒரு நெறியை வகுத்துக்கொண்டனர். பகலில் உயர ஏறுக. இரவில் தாழ்ந்த இடத்தில் உறங்குக என்பதே அந்நெறி. 3,000 மீட்டருக்கு மேல், ஓரிரவு உறங்கும் இடத்திற்கும் அடுத்த இரவு உறங்கும் இடத்திற்கும் உள்ள உயர வேறுபாடு 500 மீட்டருக்கு மிகலாகாது என்பர். மூன்று நான்கு நாள்களுக்கு ஒருமுறை, மேலே செல்லாது ஓரிடத்தில் தங்குதலும் வேண்டும். எனவே மலையேறி ஒருவர் உச்சியை நோக்கி நேராகச் செல்வதில்லை. ஏறுவார், இறங்குவார், மீண்டும் சற்று மேலே ஏறுவார், மீண்டும் இறங்குவார். அறியாதார்க்கு இது வீண் உழைப்பாகத் தோன்றும். ஆனால், இறங்கும் ஒவ்வொரு முறையும் அவர் உச்சியை நெருங்குகின்றார்.

இந்நெறி செயலில் விளங்கிய சிறப்பினை 1953ஆம் ஆண்டின் எவரெஸ்டுப் பயணத்தில் காணலாம். ஜான் ஹண்ட் என்னும் ஆங்கிலப் படைத்தலைவர் அதற்குத் தலைமை தாங்கினார். உடலியல் அறிஞர் கிரிஃபித் பியூவும் குழுவில் இடம்பெற்றார். அவர் முந்திய ஆண்டே இமயத்திற்குச் சென்று, உயரத்தில் மனித உடல் படும் பாட்டை அளந்து ஆராய்ந்தவர். உடல் பழகுவதற்கு உரிய காலம் அளித்தல் வேண்டும். நீர் நிரம்பப் பருகுதல் வேண்டும். உச்சிக்கருகில் பிராணவாயுவைப் போதிய அளவு நுகர்தல் வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார்.

நீரின் தேவையை முந்திய ஆண்டின் நிகழ்ச்சி ஒன்று நன்கு காட்டியிருந்தது. 1952ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்துக் குழுவைச் சேர்ந்த ரேமண்டு லாம்பேரும் ஷெர்ப்பா வீரர் டென்சிங் நார்கேயும் 8,400 மீட்டர் அளவில் ஓரிரவைக் கழித்தனர். அவர்களிடம் உறங்கும் பையும் இல்லை, அடுப்பும் இல்லை. மெழுகுவத்தியின் சுடரில் பனியை உருக்கிச் சிறிதளவு நீர் பருகினர். மறுநாள் 8,600 மீட்டர் வரை தவழ்ந்தும் நடந்தும் ஏறி, மேலும் செல்ல இயலாது மீண்டனர். உயரத்தில் மூச்சு வழியே உடலின் ஈரம் மிகுதியாக வெளியேறுகின்றது. சுற்றிலும் பனி மலைபோற் குவிந்திருந்தும், அதை உருக்க நெருப்பில்லையேல் தாகம் தணியாது.

1953ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 10ஆம் நாள் ஹண்டின் குழு காட்மாண்டுப் பகுதியிலிருந்து புறப்பட்டது. ஏறத்தாழ 350 சுமையாளர்கள் பொருள்களைச் சுமந்து சென்றனர். மலைகளையும் ஆறுகளையும் கடந்து இரண்டரை வாரம் நடந்தபின், ஏறத்தாழ 3,900 மீட்டர் உயரத்திலுள்ள தியாங்போச்சே என்னும் பௌத்த மடத்தை அவர்கள் அடைந்தனர். எவரெஸ்டு அங்கிருந்து கண்ணுக்குத் தெரிந்தது. ஆயினும் அவர்கள் உடனே அதன்மேற் பாயவில்லை. சிறு சிறு குழுக்களாகப் பிரிந்து, சுற்றியிருந்த கணவாய்களிலும் சிகரங்களிலும் ஏறி இறங்கினர். அவற்றுள் ஒன்று 6,000 மீட்டருக்கு மேற்பட்ட 'ஐலண்டு' சிகரம். பிராணவாயுக் கருவிகளைச் சுமந்து நடக்கவும் பழகினர். இவ்வாறு மூன்று வாரங்கள் சென்றன.

ஏப்ரல் 12ஆம் நாள் கும்பு பனியாற்றின்மீது அடிவார முகாம் அமைந்தது. அதன் உயரம் ஏறத்தாழ 5,450 மீட்டர். அதற்கு மேலே பனியாறு செங்குத்தாகச் சரிந்து, வீடளவான பனிக்கட்டிகளாக உடைந்து கிடந்தது. அப்பனிக்கட்டிகள் எப்பொழுது சாயும் என எவராலும் கூற இயலாது. இடையிடையே ஆழம் காண முடியாத பிளவுகள் வாய் திறந்திருந்தன. அவற்றின் குறுக்கே ஏணிகளையும் மரங்களையும் இட்டு, கயிறு கட்டி, வழி சமைத்தனர். ஏப்ரல் 15ஆம் நாள் இடையில் ஒரு முகாமும், 22ஆம் நாள் அதன் தலைப்பில் ஒரு முகாமும் தோன்றின.

முகாம்கள் ஏணியின் படிகள் போன்றவை. ஒவ்வொரு முகாமிற்கும் கூடாரம், உணவு, எரிபொருள், பிராணவாயுக் கலங்கள் ஆகியவற்றைச் சுமந்து செல்லுதல் வேண்டும். சுமையை மேலே வைத்துவிட்டுக் கீழே மீளுதல் வேண்டும். மறுநாள் மீண்டும் ஏறுதல் வேண்டும். உடலும் பழகிற்று, பொருளும் மேலே சேர்ந்தது. இவ்வரிய உழைப்பில் பெரும்பங்கு ஷெர்ப்பாக்களுடையது. தலைமுறை தலைமுறையாக உயர்ந்த இடங்களில் வாழ்ந்து வந்தமையால், அவர்கள் உடல் மென்காற்றிற்கு இயல்பாகவே பொருந்தியிருந்தது. மே மாதத் தொடக்கத்தில் முகாம்கள் 7,000 மீட்டரை எட்டின. அந்நிலையிலும் வீரர்கள் முறைவைத்து, புல் முளைத்துள்ள லோபுஜே என்னும் இடத்திற்கு இறங்கி இளைப்பாறினர். ஏனெனில், 5,500 மீட்டருக்கு மேல் நெடுங்காலம் தங்கினால் உடல் பழகுவதை விட்டுத் தேயத் தொடங்கும். பசி குன்றும், தசை மெலியும், புண்ணும் எளிதில் ஆறாது.

அடுத்து நின்றது லோட்சே மலையின் பனிச்சரிவு. பனிப்பொழிவும் களைப்பும் அங்குப் பல நாள்களை விழுங்கின. இறுதியில் மே 21ஆம் நாள் வில்ஃபிரிட் நாய்சும் அன்னுல்லு என்னும் ஷெர்ப்பாவும் தென் கணவாயை எட்டினர். அஃது 8,000 மீட்டரை நெருங்கிய ஒரு வெட்டவெளி. ஓயாது வீசும் காற்று அதன் தன்மை. அதற்கு மேலுள்ள பகுதியை மலையேறிகள் 'சாவு மண்டலம்' என்பர். எத்துணைப் பொறுத்திருந்தாலும் அங்கு உடல் பழகுவதில்லை, நாழிகைதோறும் நலிகின்றது. அதுவரை பொறுமையே அறிவு. அதற்கு மேல் விரைவே அறிவு. விரைந்து சென்று விரைந்து மீளுதல் வேண்டும்.

மே 26ஆம் நாள் சார்லஸ் எவன்ஸ், டாம் போர்டில்லன் ஆகிய இருவரும் தென் கணவாயிலிருந்து புறப்பட்டனர். பிற்பகல் ஒரு மணி அளவில், ஏறத்தாழ 8,750 மீட்டர் உயரமுள்ள தென்சிகரத்தை அடைந்தனர். அதற்கு முன் எந்த மனிதனும் அவ்விடத்தில் நின்றதாகச் சான்றில்லை. எவரெஸ்டின் உச்சி அவர்கள் கண்ணெதிரே நின்றது. உயரத்தில் இன்னும் நூறு மீட்டரே எஞ்சியிருந்தது. ஆனால் எவன்சின் பிராணவாயுக் கருவி பழுதுபட்டிருந்தது. பொழுதோ சாயத் தொடங்கியிருந்தது. உச்சிவரை சென்று மீள எத்தனை மணி நேரம் ஆகும், எஞ்சிய பிராணவாயு எத்தனை நேரம் வரும் என இருவரும் கணக்கிட்டனர். சென்றால் உச்சியை அடையலாம். ஆனால் உயிருடன் மீள இயலாது என்று தெளிந்தனர். வாழ்நாள் முழுவதும் கண்ட கனவு கைக்கெட்டும் தொலைவில் இருக்க, அவர்கள் திரும்பினர். இறங்கும் வழியில் களைப்பினால் சறுக்கி விழுந்தும், உயிர் தப்பி முகாமை அடைந்தனர்.

மே 28ஆம் நாள் ஆல்ஃபிரட் கிரெகரி, ஜார்ஜ் லோ, ஆங் நிமா ஆகியோர் துணையுடன் எட்மண்டு ஹில்லரியும் டென்சிங்கும் மேலே சென்றனர். 8,500 மீட்டரில் இறுதி முகாம் அமைத்துத் துணைவர் மூவரும் இறங்கினர். அவ்வுயரத்திலும் இருவரும் அடுப்பு மூட்டிப் பனியை உருக்கி நீர் நிரம்பப் பருகினர். விடியற்காலையில் ஹில்லரியின் காலணிகள் கல்போல் உறைந்திருந்தன. அவற்றை அடுப்பில் வாட்டி இளக்கவே நெடுநேரமாயிற்று. காலை ஆறரை மணிக்குப் புறப்பட்டு, ஒன்பது மணிக்குத் தென்சிகரத்தை அடைந்தனர். அப்பால் செங்குத்தான பாறை ஒன்றையும் கடந்து, 1953ஆம் ஆண்டு மே 29ஆம் நாள் காலை பதினொன்றரை மணிக்கு உலகின் உச்சியில் நின்றனர். டென்சிங் இனிப்புப் பண்டங்களைப் பனியிற் புதைத்து வழிபட்டார். எவரெஸ்டை நோக்கி அவர் வந்தது அஃது ஏழாம் முறை. 1935ஆம் ஆண்டில் இளஞ்சுமையாளராக முதன்முறை வந்தவர் அவர். ஆறு முறை ஏமாற்றத்துடன் இறங்கியவரே ஏழாம் முறை உச்சியைக் கண்டார்.

ஏறத்தாழப் பதினைந்து நிமிடங்களே அவர்கள் அங்கு நின்றனர். இறங்கும் வழியில் பனிமுகட்டில் இரு பிராணவாயுக் கலங்கள் அவர்களுக்காகக் காத்திருந்தன. மூன்று நாள்களுக்கு முன் எவன்சும் போர்டில்லனும் விட்டுச் சென்ற கலங்கள் அவை. அவற்றில் எஞ்சியிருந்த பிராணவாயுவை நுகர்ந்தே இருவரும் முகாம் நோக்கி இறங்கினர். உச்சியைக் காணாது திரும்பியவர்களின் உழைப்பு, உச்சியைக் கண்டவர்களைக் காத்தது.

அவ்வெற்றிக்குப்பின் 1954ஆம் ஆண்டில் டார்ஜிலிங்கில் இமாலய மலையேற்றப் பயிற்சிக் கழகம் நிறுவப்பட்டது. டென்சிங் அதன் முதல் களப்பயிற்சி இயக்குநரானார். 1965ஆம் ஆண்டு எம். எஸ். கோலியின் தலைமையில் சென்ற இந்தியக் குழுவினர் ஒன்பதின்மர் எவரெஸ்டின் உச்சியை அடைந்தனர். 1984ஆம் ஆண்டு பச்சேந்திரி பால் அம்முடியை எட்டிய முதல் இந்தியப் பெண்மணியானார். இன்று லடாக்கின் உயர்ந்த எல்லைகளைக் காக்கச் செல்லும் நம் வீரர்களும், சமவெளியிலிருந்து நேரே காவலிடம் சேர்வதில்லை. படிப்படியாக உயரத்திற்குப் பழகிய பின்னரே அவர்கள் மேலே செல்கின்றனர். மலையேறிகள் துன்புற்றுக் கற்ற பாடம் அவர்கள் உயிரைக் காக்கின்றது.

'எவரெஸ்டை மனிதன் வென்றான்' என்று கூறுவது வழக்கம். ஆராய்ந்து நோக்கின், மனிதன் மலையை வெல்லவில்லை. மலை விதித்த காலத்திற்குப் பணிந்தான். தன் உடல் கேட்ட ஓய்வை மறுக்காது அளித்தான். ஏற வேண்டிய நாளில் ஏறினான். இறங்க வேண்டிய நாளில் நாணாது இறங்கினான். பொறுத்தார் பூமி ஆள்வார் என்பது நம் முன்னோர் மொழி. பூமியின் மிக உயர்ந்த இடத்தையும் பொறுத்தவரே கண்டனர். கல்வியிலோ கலையிலோ நாம் ஏற விரும்பும் முடிகள் பல. அவற்றின் முன் நிற்கும்பொழுது, பனியில் எவன்சும் போர்டில்லனும் திரும்பிய அடிச்சுவடுகளையும் நாம் நினைத்தல் வேண்டும்.